க்ராம்: அளவுக்கு மேல் அடைப்பதைச் சொல்லும் ஒரு சொல்

இந்த வாரம் ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கலாம்னு இருக்கேன். சி, ஆர், ஏ, எம். க்ராம். தமிழ்ல எழுதினா தங்கம் நிறுக்கிற கிராம் மாதிரியே கண்ணுக்குத் தெரியும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. உச்சரிப்புல 'க'வும் 'ர'வும் ஒட்டிக்கணும், நடுவுல இகரம் எட்டிப் பார்க்கக் கூடாது. உயிர் ஒலி, பூனைக்குச் சொல்ற 'கேட்'ல வர்ற ஒலி.

இந்தச் சொல்லை எடுத்ததுக்குக் காரணம் நம்ம நேயர் ஒருத்தர் அனுப்பின மின்னஞ்சல். அவர் அனுமதியோட, பேரும் நிறுவனமும் இல்லாம சொல்றேன். இங்கிலாந்துல ஒரு கிடங்குல வேலை பார்க்கிறார். ஒருநாள் வேன்ல ஏத்தின பெட்டிகள்ல சிலது நசுங்கிப் போச்சு. என்ன நடந்ததுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. இவர் எழுதினது: 'வி க்ராம்ட் ஆல் த பாக்ஸஸ் இன்டு த வேன்.' இவர் மனசுல இருந்தது, "எல்லாப் பெட்டியையும் ஒரே வேன்ல நெருக்கி ஏத்தினோம்" அப்படிங்கிறது மட்டும்தான். மேலாளர் அதைப் படிச்சிட்டு, "அப்போ பெட்டி நசுங்கும்னு தெரிஞ்சேதான் திணிச்சீங்களா?"ன்னு கேட்டிருக்கார். எச்சரிக்கைக் கடிதம் வரைக்கும் போயிடுச்சு. "நான் உண்மையைத்தானே எழுதினேன், அந்தச் சொல்லுல என்ன தப்பு?" இதுதான் அவரோட கேள்வி.

சொல்லுல தப்பு இல்லை. ஆனா அந்தச் சொல் வெறும் செய்தி மட்டும் சொல்லாது. கூடவே ஒரு தீர்ப்பும் சொல்லும். எப்படின்னு பார்ப்போம்.

க்ராம்னா இடம் கொள்ளும் அளவுக்கு மேல, பலத்தைக் காட்டி, உள்ளே திணிக்கிறது. நிறையப் பொருள், சின்ன இடம், அழுத்தம் — இந்த மூணும் சேர்ந்தாத்தான் க்ராம். பெரிய பீரோவுல நாலு சட்டையை வெச்சா அது க்ராம் இல்லை. அதே பீரோவுல குடும்பத்தோட துணி மொத்தத்தையும் போட்டு, முழங்காலால கதவை அமுக்கிச் சாத்தினா, அது க்ராம். தண்ணியை க்ராம் பண்ண முடியாது. அது அமுங்காது, வழிஞ்சிடும். பெட்ரோல் டேங்க்ல அளவுக்கு மேல ஊத்தறதுக்கு ஓவர்ஃபில்னு சொல்லணும்.

இது ஒண்ணும் புதுச் சொல் இல்லை. பழைய ஆங்கிலத்துலேயே க்ராமியன்னு ஒரு வினை இருந்திருக்கு. அமுக்கி உள்ளே தள்ளுறதுதான் அதுக்கும் பொருள். இந்தச் சொல்லோட குணம் எனக்கு நல்லாப் புரிஞ்ச இடம் கோழிப் பண்ணை. இங்கிலாந்துல சசெக்ஸ் பகுதியில ஹீத்ஃபீல்டுன்னு ஒரு ஊர். 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில லண்டன் சந்தைக்காகக் கோழிகளைக் கொழுக்க வைக்கிறது அங்கே பெரிய தொழில். ஓட்ஸ் மாவைப் பாலோட கரைச்சு ஒரு இயந்திரத்துல ஊத்துவாங்க. அதுல இருக்கிற ரப்பர் குழாயைக் கோழியோட தொண்டைக்குள்ள விட்டு, கால் மிதியை அமுக்கினா தீனி நேரா உள்ளே போயிடும். கோழிக்குப் பசிக்குதா இல்லையான்னு யாரும் கேக்கிறதில்லை. அந்த வேலைக்குப் பேரு க்ராமிங். செய்றவர் க்ராமர். உள்ளே வாங்குற பக்கத்தோட சம்மதம் இல்லாம நடக்கிற ஒரு நிரப்பல், அவ்வளவுதான்.

இப்போ இலக்கணத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையா கேளுங்க, நம்ம ஆளுங்க அதிகமா சறுக்குற இடம் இதுதான்.

ஒரு பாத்திரம் இருக்கு, அதுக்குள்ள போற பொருள் இருக்கு. வினைச்சொல் இதுல எதைப் பிடிச்சுக்குது? ஆங்கிலத்துல 'போர்', அதாவது ஊத்தறது, பொருளை மட்டும் பிடிச்சுக்கும். 'போர் வாட்டர் இன்டு த பாட்டில்.' பாட்டிலைத் தண்ணியால ஊத்துன்னு யாரும் சொல்றதில்லை. 'ஃபில்' நேர் எதிர். அது பாத்திரத்தைத்தான் பிடிக்கும். 'ஃபில் த பாட்டில் வித் வாட்டர்.' நாம என்ன சொல்றோம்? 'ஃபில் வாட்டர் இன் த பாட்டில்.' இந்தியாவுல எல்லாரும் சொல்றதால நமக்கு உறுத்தலை. பிரிட்டிஷ்காரர் காதுக்கும் அமெரிக்கர் காதுக்கும் அது இடறும்.

ஏன் அப்படிச் சொல்றோம்? தமிழ்ல 'நிரப்பு' ரெண்டு பக்கமும் போகும். குடத்தை நிரப்பு, சரி. குடத்துல தண்ணி நிரப்பு, அதுவும் சரி. அந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு போறோம். 'திணி' அப்படி இல்லை, பாருங்க. பையில துணியைத் திணிக்கலாம். பையைத் துணியால திணின்னு சொல்ல மாட்டோம். தமிழ்லயும் சில வினைகள் ஒரு பக்கம் மட்டும் சாயும். எந்த வினை எந்தப் பக்கம்கிறதுதான் மொழிக்கு மொழி மாறுது.

க்ராம் எந்தப் பக்கம்? ரெண்டு பக்கமும். 'ஷி க்ராம்ட் ஹெர் க்ளோத்ஸ் இன்டு த பேக்' சரி. 'ஷி க்ராம்ட் த பேக் வித் க்ளோத்ஸ்', இதுவும் சரி. ஆனா ரெண்டுக்கும் சின்ன வித்தியாசம் இருக்கு. முதல் வாக்கியத்துல கவனம் துணி மேல. துணி எப்படியோ உள்ளே போயிடுச்சு. ரெண்டாவதுல கவனம் பை மேல. பை முழுக்கத் துணி, இனிமே ஒரு கைக்குட்டைகூட உள்ளே போகாதுங்கிற படம் வருது. பொருளைப் பத்திப் பேசினா 'இன்டு', இடத்தைப் பத்திப் பேசினா 'வித்'. எழுதும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, க்ராம்ட், க்ராமிங் ரெண்டுலயும் எம் ரெண்டு தடவை வரும்.

பொருளுக்குப் பதிலா மனுஷங்க வந்தா, இந்தச் சொல் இன்னும் கூர்மையாயிடும். ரெண்டு வாக்கியம் சொல்றேன். 'தௌசண்ட்ஸ் க்ராம்ட் இன்டு த ஸ்டேடியம்.' 'தௌசண்ட்ஸ் வர் க்ராம்ட் இன்டு த ஸ்டேடியம்.' நடுவுல ஒரு 'வர்'தான் கூட வருது. முதல் வாக்கியத்துல ஜனங்க அவங்களே முண்டியடிச்சு உள்ளே போறாங்க. மேட்ச் பார்க்கிற உற்சாகம், நல்ல கூட்டம். ரெண்டாவது வாக்கியத்துல வேற யாரோ அவங்களை உள்ளே தள்ளி அடைச்சிருக்காங்க. யாருன்னு வாக்கியம் சொல்லலை, ஆனா ஒருத்தர் இருக்காருன்னு படிக்கிறவருக்குத் தோணிடும்.

தமிழ் இதை எவ்வளவு லேசாச் செய்யுது பாருங்க. லாரியில நெருக்கியடிச்சு ஏறினாங்க. லாரியில நெருக்கியடிச்சு ஏத்தினாங்க. ஏறு, ஏற்று. ஒரு எழுத்து மாறினதும் செய்தவர் மாறிடறார். ஆங்கிலத்துல வினை அப்படியே இருக்கு, அந்த 'வர்'தான் எல்லாப் பாரத்தையும் தூக்குது. செய்தி மொழிபெயர்க்கிற நண்பர்கள் யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, தயவுசெய்து இந்த இடத்துல நின்னு பாருங்க. படகுல அடைக்கப்பட்ட அகதிகளைப் பத்தி வர்ற ஆங்கிலச் செய்தியில 'வர் க்ராம்ட்'னு இருக்கும். அதைத் தமிழ்ல "அகதிகள் முண்டியடித்து ஏறிய படகு"ன்னு போட்டா, காசு வாங்கிட்டு அவங்களை ஏத்தினவன் அந்த வாக்கியத்துல இருந்தே தப்பிச்சுப் போயிடறான்.

இதுக்கு வரலாற்றுல ஒரு கனமான உதாரணம் இருக்கு. லிவர்பூல் துறைமுகத்தைச் சேர்ந்த ப்ரூக்ஸ்னு ஒரு அடிமை வணிகக் கப்பல். ஆப்பிரிக்கர்களை எப்படி வரிசை வரிசையா படுக்க வெச்சாங்கன்னு அந்தக் கப்பலோட தளப்படத்தை 1788-ல அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அச்சிட்டுப் பரப்பினாங்க. அந்த வருஷம் வந்த சட்டப்படி அந்தக் கப்பல்ல 454 பேரை ஏத்தலாம். ஒரு ஆணுக்கு ஒதுக்கின இடம் 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். சட்டம் வர்றதுக்கு முன்னாடி அதே கப்பல் 600 பேருக்கு மேலயும் ஏத்திக்கிட்டுப் போயிருக்கு. இதைப் பத்தி ஆங்கிலத்துல எழுதறவங்க 'வர் க்ராம்ட்'னுதான் எழுதணும், 'க்ராம்ட்'னு மட்டும் எழுத முடியாது. அந்த 'வர்' இல்லைன்னா அவங்களே விரும்பிப் போய் ஏறினதா ஆயிடும்.

எல்லா 'வர் க்ராம்ட்'டும் இப்படிக் கொடூரம்னு நினைச்சுக்காதீங்க. கல்யாணத்துக்குப் போன கதையை வெள்ளைக்காரர் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, 'வி வர் ஆல் க்ராம்ட் இன்டு ஒன் டைனி கார்'னு சொல்லுவார். அங்கே குற்றச்சாட்டு இல்லை, வேடிக்கையான புகார்தான். புகார்ங்கிறது மட்டும் எப்பவும் இருக்கும். வசதியா உக்காந்து வந்தவங்க இந்தச் சொல்லைத் தொட மாட்டாங்க.

சரி, கிடங்கு நண்பர்கிட்ட வருவோம். 'வி க்ராம்ட்'னு எழுதினார். செய்தவர் 'வி', நாங்க. செயல் க்ராம், அதாவது கொள்ளாதுன்னு தெரிஞ்சும் பலத்தைக் காட்டித் திணிச்சோம். மேலாளர் படிச்சது இதைத்தான். ஆங்கிலம் தாய்மொழியா உள்ளவர் யார் படிச்சாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் படிப்பாங்க. நண்பர் மனசுல இருந்தது 'லோடட்'. பேனாவுல வந்தது 'க்ராம்ட்'.

அப்போ எப்படி எழுதியிருக்கலாம்? 'த வேன் வாஸ் ஓவர்லோடட்'னு எழுதலாம்னு சிலர் சொல்லுவாங்க. இலக்கணப்படி சரிதான். எனக்கு அது முழுசாப் பிடிக்கலை. செய்தவரை மறைக்கிற வாக்கியம் அது, விசாரணையில அடுத்த கேள்வி "யார் ஓவர்லோட் பண்ணினது?"ன்னுதான் வரும். அவர்கிட்டத் திரும்ப எழுதிக் கேட்டேன். வேன்ல 45 பெட்டிதான் கொள்ளும், அன்னைக்கு 60 பெட்டியையும் ஒரே நடையில அனுப்பச் சொல்லி மேலிருந்து உத்தரவுன்னு பதில் வந்தது. அப்போ அதையே எழுதலாமே! 'வி வர் டோல்ட் டு லோட் 60 பாக்ஸஸ். த வேன் டேக்ஸ் 45.' ரெண்டே வாக்கியம். 60 எங்கே, 45 எங்கே, மிச்சத்தைப் படிக்கிறவரே புரிஞ்சுப்பார். அலுவலக அறிக்கைகள்ல பொதுவாவே உணர்ச்சி ஏறின வினையைவிட எண்ணிக்கை நல்லாக் காப்பாத்தும். அவர் இப்போ திருத்தின விளக்கம் கொடுத்திருக்கார். முடிவு இன்னும் வரலை.

நம்மில் நிறையப் பேருக்கு க்ராம் அறிமுகமானது பரீட்சை வழியாத்தான். 'ஐ வாஸ் க்ராமிங் ஃபார் த எக்ஸாம்.' இது பேச்சு வழக்கு. முன்னாடி நாள் ராத்திரி மொத்தப் பாடத்தையும் மண்டைக்குள்ள ஏத்தறது. பை இருந்த இடத்துல மூளை, துணி இருந்த இடத்துல பாடம். பின்னாடி 'ஃபார்' வரும், மறக்க வேண்டாம். நம்ம 'மக் அப்' பண்றதும் இதுவும் ஒண்ணான்னு கேட்டா, முழுசா ஒண்ணு இல்லை. மக் அப்புன்னு நாம சொல்றது கடம் அடிக்கிறதை, அதாவது புரியுதோ இல்லையோ வரிக்கு வரி உருப்போடறதை. அதை மூணு மாசம் நிதானமாக்கூடச் செய்யலாம். க்ராமுக்கு அவசரம் முக்கியம். புரிஞ்சு படிச்சாலும், ஒரே ராத்திரியில படிச்சா அது க்ராம்தான். இந்தியாவுல சில இடங்கள்ல க்ராமையே மனப்பாடம்ங்கிற பொருள்ல சொல்றாங்க. வெளிநாட்டுக்காரர்கிட்டப் பேசும்போது அதைத் தவிர்த்துடுங்க.

கோழிக்குத் தீனி திணிச்சவருக்குப் பேரு க்ராமர்னு சொன்னேன் இல்லையா? பரீட்சைக்கு ஆள் தயார் பண்ற தனிப்பயிற்சிக் கூடத்துக்கும் இங்கிலாந்துல அதே பேருதான். 1855-ல ஐசிஎஸ் பதவிகளுக்குத் திறந்த போட்டித் தேர்வு லண்டன்ல ஆரம்பிச்சது. அதுக்கு ஆள் தயார் பண்றதுக்குன்னே க்ராமர்கள் பெருகினாங்க. 1922-லதான் அந்தத் தேர்வு இந்தியாவிலேயும் நடக்க ஆரம்பிச்சது. அதுவரை நம்ம ஊர்ப் பையன் ஐசிஎஸ் எழுதணும்னா கப்பல் ஏறித்தான் போகணும். ராணுவத் தேர்வுக்கும் க்ராமர் உண்டு. வின்ஸ்டன் சர்ச்சில் சாண்ட்ஹர்ஸ்ட் நுழைவுத் தேர்வுல ரெண்டு தடவை தோத்து, கேப்டன் ஜேம்ஸ்ங்கிறவரோட க்ராமர்ல சேர்ந்து, 1893-ல மூணாவது தடவைதான் தேறினார். இன்னைக்கு ஜப்பானோட ஜுகு, கொரியாவோட ஹாக்வோன் மாதிரி இடங்களை ஆங்கிலப் பத்திரிகைகள் 'க்ராம் ஸ்கூல்'னு எழுதுது. நம்ம கோச்சிங் சென்டரையும் அவங்க அப்படித்தான் எழுதுவாங்க. அதனால நீங்க டியூஷன் சென்டர் நடத்துறவரா இருந்தா, அந்தச் சொல்லைப் போர்டுல போட்டுக்காதீங்க. அது வெளியில இருந்து பார்க்கிறவங்க வெச்ச பேரு, அதுல லேசா ஒரு முகச்சுளிப்பு இருக்கு.

முகச்சுளிப்புக்குக் காரணமும் இல்லாம இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் உளவியலாளர். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, தன்னையே சோதிச்சு, 1885-ல நினைவாற்றல் பத்தி ஒரு நூல் வெளியிட்டார். 12 அசை கொண்ட வரிசை ஒண்ணை ஒரே மூச்சுல 68 தடவை சொல்லிப் பார்த்தா அடுத்த நாள் கிடைக்கிற பலன், மூணு நாளைக்குப் பிரிச்சுச் சொன்னா 38 தடவையிலேயே கிடைச்சுடுச்சு. 30 தடவை மிச்சம். வீட்டுல பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைங்க இருந்தா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. கேப்பாங்களான்னு நான் உறுதி தர முடியாது.

க்ராமோட சொந்தக்காரங்களைச் சுருக்கமாப் பார்த்துடலாம். 'பேக்'ல ஒழுங்கு இருக்கு, மடிச்சு அடுக்கி வைக்கிறது. 'ஸ்டஃப்' பெரும்பாலும் மெத்துன்னு இருக்கிற விஷயம், தலையணைக்குள்ள பஞ்சு அடைக்கிற மாதிரி. 'ஜாம்' ஆயிடுச்சுன்னா சிக்கிடுச்சு, நகராது. 'ஸ்க்வீஸ்'ல ஒரு பணிவு உண்டு. டாக்டர் கிளினிக்ல டோக்கன் தீர்ந்து போச்சு, எப்படியாவது பார்க்கணும்னா, 'குட் யூ ஸ்க்வீஸ் மீ இன்?'னு கேக்கலாம். அங்கே போய் 'க்ராம் மீ இன்'னு கேட்டீங்கன்னா வரவேற்பறையில இருக்கிறவங்க சிரிச்சுடுவாங்க. வேலை நிறைய இருக்குன்னு பெருமையாச் சொல்ல 'பேக்ட் ஷெட்யூல்'. அதே வேலையைப் பத்தி அலுத்துக்கணும்னா, 'தே க்ராம்ட் ஃபைவ் மீட்டிங்ஸ் இன்டு ஒன் மார்னிங்.'

கடைசியா காதுக்கு ஒரு எச்சரிக்கை. க்ராம்ட், க்ராம்ப்ட் ரெண்டும் வேகமாப் பேசும்போது ஒண்ணு மாதிரியே கேக்கும். ரெண்டாவதுல எம்முக்கு அப்புறம் ஒரு பி இருக்கு. க்ராம்ப்ட்னா நெருக்கடியான, கை கால் நீட்ட முடியாத இடம். காலியா இருக்கிற அறைகூட க்ராம்ப்டா இருக்கலாம், அளவே சின்னதுன்னா. க்ராம்ட் ஆகணும்னா உள்ளே ஏதாவது அடைஞ்சிருக்கணும். வீடு பார்க்கப் போறப்ப அறை சின்னதா இருந்தா 'இட்ஸ் எ பிட் க்ராம்ப்ட்', சாமான் நெரிஞ்சா 'இட்ஸ் க்ராம்ட் வித் ஃபர்னிச்சர்'. முதலாவதுக்கு வேற வீடுதான் தேடணும். ரெண்டாவதுன்னா, சாமானை எடுத்துடுவீங்களான்னு வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்க்கலாம்.

வழக்கம்போல ஒரு சின்னப் பயிற்சி. "பஸ்ல எங்களை அடைச்சுக் கூட்டிட்டுப் போனாங்க", "பஸ்ல நெருக்கியடிச்சு ஏறிட்டோம்", "ஒரே பையில எல்லாத்தையும் திணிச்சுட்டேன்". இந்த மூணையும் க்ராம் போட்டு ஆங்கிலத்துல எழுதி அனுப்புங்க. 'வர்' எங்கே வருது, எங்கே வரலைன்னு மட்டும் பார்த்துக்கோங்க.